பின்வரிசையில் நின்றவர்

அந்த லென்ஸை வாங்கி வந்த நாளிலிருந்து நம் ஆள் எடுத்த படங்களில் பின்னணி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. தேநீர்க் கோப்பையை எடுத்தால் அதன் விளிம்பு மட்டும் பளிச்சென்று விழும். பின்னால் இருக்கும் மேசை, சுவர், மனைவி எல்லாம் பாலில் விழுந்த சர்க்கரையாகக் கரைந்துவிடும். செருப்பை எடுத்தான், சீப்பை எடுத்தான், குழாயில் சொட்டும் தண்ணீரை எடுத்தான். ஒவ்வொன்றையும் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டி, எப்படிக் கரைகிறது பார் என்று பெருமைப்பட்டான். அவள் பேக்கரியில் விடிகாலை ஷிப்டு முடித்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாதான் கரையுது. அதுல நான் எங்க இருக்கேன்னுதான் தெரியல" என்றாள்.

கேமராவோடு கூடவே வந்த சின்ன லென்ஸ் ஒன்றும் அவனிடம் இருந்தது. முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுக்கும் சாது லென்ஸ். அதைக் காலுறை வைக்கிற டிராயரில் போட்டு மூடிவிட்டான். உண்மையில் அன்று அவன் கடைக்குப் போனது ஃபிளாஷ் வாங்கத்தான். கண்ணாடி அலமாரியில் இந்தப் பழைய லென்ஸைப் பார்த்ததும் புத்தி தடுமாறி, ஃபிளாஷை மறந்து, லென்ஸோடு வீடு வந்து சேர்ந்தான். கல்யாணப் படம் எடுக்கப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு இந்தக் கிறுக்கு ஒருமுறையாவது பிடித்துத்தான் விடும் போலிருக்கிறது. சொல்லித் திருந்துகிற கிறுக்கு இல்லை அது.

அதற்கு முன்னால் அவன் அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டு மிஷினில் நின்றவன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவனுடைய மாமனார். அவர் அங்கே போர்மேன். "என் மாப்பிள்ளை, நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவர். நம் ஆளும் ஒழுங்காகத்தான் அட்டை வெட்டினான். சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்தில் விளையாட்டாக எடுத்த படங்களை எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிப் போனதும் அவனுக்குள் ஏதோ ஒன்று குடியேறிவிட்டது. வேலையை விட்டான். மாமனாரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டான். தப்பு அதில்தான்.

சேதி கேட்டு மாமனார் இவர்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் அமைதியாகத்தான் சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில், நான் கொடுத்த வாக்குக்கு என்ன மரியாதை என்று ஆரம்பித்தவர், கண்ணாடித் துண்டை நம்பிச் சோற்றைத் தள்ளிவிடுகிறவனோடு நீ எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறாய் என்று மகளைப் பார்த்துக் கேட்டார். அவள் அப்பாவின் மகள். வாய் சும்மா இருக்குமா? உங்கள் பெயரைக் காப்பாற்ற என் புருஷன் காலம் பூராவும் அட்டை வெட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. மகளோடு ஒரு பேச்சு இல்லை. இவள் அம்மாவோடு போனில் பேசும்போது பின்னால் அவர் இருமுவது கேட்கும். அவ்வளவுதான் தகப்பனுக்கும் மகளுக்கும் மிச்சம் இருந்த உறவு.

இந்த நிலையில் மச்சினிக்குக் கல்யாணம் கூடி வந்தது. அத்தான்தான் படம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் நடுவில் தூது போனாள். மாமனார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அது சரி என்றுதான் அர்த்தம் என்று மாமியார் முடிவு கட்டினாள். அவரோடு குடும்பம் நடத்தியவள், அவளுக்குத் தெரியாதா?

கல்யாணத்தன்று நல்ல மழை. மண்டபத்தில் ஈரக் குடையும் ஈரச் செருப்புமாக வாசலே அடைந்து கிடந்தது. மேடையைச் சுற்றி அலங்காரக்காரர் ஊதா விளக்குகளை வரிசையாகப் போட்டிருந்தார். பெண்ணின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் விழுந்தது. நம் ஆள் அலங்காரக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவற்றை அணைக்க வைத்தான். மிச்சமிருந்தது கூரையில் தொங்கிய மஞ்சள் பல்புகள் மட்டும். ஃபிளாஷ் இல்லாதவன் வேறென்ன செய்வான்? புதிதாக வாங்கிய லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்தான். வாய் பெரிதாகத் திறந்தால் வெளிச்சம் அள்ளிக்கொண்டு உள்ளே வரும். அன்று முழுக்க அதை மூடவே இல்லை.

பெண்ணைத் தனியாக எடுத்த படங்கள் மனதை அள்ளிக்கொண்டு போயின. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எடுத்தான். மாப்பிள்ளைப் பையன் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டதை எடுத்தான். மாமனார் மட்டும் கேமராவுக்குச் சிக்கவில்லை. நாற்காலி போடுவதும் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர்களை விரட்டுவதுமாக, மேடைப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டார்.

கடைசியாகக் குடும்பப் படம். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால், பக்கத்தில் மாமியார். நம் ஆளின் மனைவி தங்கைக்குப் பின்னால், தோள் தெரியும்படி நின்றாள். எடுக்கலாம் என்று அவன் கண்ணைக் கேமராவில் வைத்தபோது, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மாமனார் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மேடை ஏறினார். எல்லாருக்கும் பின்னால் போய், மூத்த மகளுக்குப் பின்னால் நின்றார். அவளுடைய தோளில் கை வைத்தார்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை போய்விடுமோ என்று பயந்தவள்போல் நேரே பார்த்தபடி நின்றாள்.  நம் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை பொத்தானை அழுத்தினான். கேமராவின் பின்பக்கம், தீப்பெட்டி அகலத் திரையில் எட்டிப் பார்த்தான். எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள். நிமிர்ந்தபோது மாமனார் மேடையிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாரல் உள்ளே அடித்தது. கண்ணாடியை மூடாமலே வந்தாள்.

"அந்தப் படத்தப் பெருசா போட்டு மாட்டணும். வேற எந்தப் படம் எப்படி வந்தாலும் பரவால்ல" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபிறகு நம் ஆள் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். மச்சினியும் மாப்பிள்ளையும் மாமியாரும் கண்ணிமை எண்ணலாம்போல் விழுந்திருந்தார்கள். அடுத்து மனைவி, ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மங்கலாக. அவளுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. அதுதான் மாமனார். அடுத்த படத்திலும் மேகம். எல்லாப் படத்திலும் மேகம்.

 மங்கலைத் தெளிவாக்குகிற வித்தைகள் என்னென்ன உண்டோ அத்தனையும் செய்து பார்த்தான். மாமனார் கரித்துண்டால் கிறுக்கிய பொம்மை மாதிரி ஆனாரே தவிர, மாமனாராக ஆகவில்லை. மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. இந்தத் தொழிலில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாத பொய் அது ஒன்றுதான். கேமராக்காரர்களின் பழைய புகலிடம்.

பொய்யை யோசித்தபடியே, என்னதான் நடந்தது என்று பார்க்கவும் அவனுக்கு அரிப்பு. அடுப்படியிலிருந்து உப்பு, சர்க்கரை, தேயிலை டப்பாக்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் நிறுத்தினான். சர்க்கரை முன்னால், உப்பு ஓரடி பின்னால், தேயிலை அதற்கும் பின்னால். லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தான். சர்க்கரை மட்டும்தான் சர்க்கரையாக இருந்தது. மூன்றையும் ஒரே கோட்டில் பக்கம் பக்கமாக வைத்து எடுத்தான். மூன்றும் பளிச். லென்ஸின் வாயை மெல்ல மெல்ல மூடி எடுத்தான். பின்னால் இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, ஆனால் படம் இருட்டிக்கொண்டே போனது. வெளிச்சம் இருந்திருந்தால் மூடியே எடுத்திருக்கலாம். வெளிச்சத்துக்குத்தான் ஃபிளாஷ். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அப்படி அடித்துக்கொண்ட நேரத்தில் கதவைத் திறந்து மனைவி வந்தாள். கையில் உடைந்த பிஸ்கட் பொட்டலம், தலையில் மாவுத் தூள். மேசையில் டப்பாக்கள் அணிவகுத்து நிற்பதைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கார்டுப் பொய் அவன் தொண்டை வரை வந்தது. மாவுத் தூள் ஒட்டிய அந்தப் புருவத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"அந்தப் படம் சரியா வரல. என் தப்புதான்" என்றான்.

அவள் பொட்டலத்தைக் கீழே வைக்காமலே கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் தோள் கிட்ட பெருசு பண்ணுங்க" என்றாள். பெரிதாக்கினான். பழுப்பாக ஒரு தீற்றல்.

"இது அவர் கை" என்றாள். "உங்களுக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரியும்ல."

அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். நம் ஆள் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். வேலையை விட்டபோது ஊரே கேள்வி கேட்டது. ஒரு கேள்வியும் கேட்காமல் விடிகாலை ஷிப்டுக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியவள் இவள் ஒருத்திதான். அவள் கேட்டது ஒரே ஒரு படம்.

அவள் வெளியே வந்ததும், போய் மாமாவிடம் சொல்லி இன்னொரு முறை நிற்கச் சொல்லப்போகிறேன் என்றான். அவள் பதறிவிட்டாள்.

"வேணாங்க. ஒரு தடவ வந்து நின்னதே பெருசு. மறுபடி வாங்கன்னு கூப்பிட்டா, அன்னைக்கு ஏன்டா நின்னோம்னு ஆயிடும் அவருக்கு. அதோட, இதுக்காகவா வேலைய விட்டான்னு கேப்பார். கேட்டா நான் என்ன சொல்றது?"

 புதுமணத் தம்பதி திங்கட்கிழமை மாப்பிள்ளை வேலை செய்கிற ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்கப்புறம் எல்லாரும் ஓர் இடத்தில் எப்போது கூடுவார்களோ, கூடினாலும் மாமனார் எந்த மனநிலையில் இருப்பாரோ. நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது. அன்று போய்க் கேட்டுவிடுவது என்று அவன் முடிவு கட்டினான்.

அவனோடு கூடப் படித்த ஒருத்தி பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டுடியோ வைத்திருந்தாள். அவளிடம் போய் நடந்ததைச் சொன்னான். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். அவளும் முதல் கல்யாணத்தில் ஒரு பாட்டனாரை இப்படித்தான் புகையாக்கினாளாம். கூட்டமாக நின்றால் உன் பெரிய லென்ஸைப் பையை விட்டு எடுக்காதே, சின்ன லென்ஸே போதும் என்றாள். ஃபிளாஷை முகத்தில் அடிக்காமல் கூரைக்குத் திருப்பி அடித்தால், வெளிச்சம் மேலே பட்டு எல்லார்மேலும் சமமாக இறங்கும் என்று செய்தும் காட்டினாள். எடுத்தபின் திரையில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் யாரையும் கலைய விடாதே என்றாள். தன் ஃபிளாஷையும் கேமராவை நிறுத்துகிற ட்ரைபாடையும் கையில் கொடுத்து, வாடகைப் பேச்சை எடுத்தவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டாள். மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே வந்தான். டிராயரைத் திறந்து சின்ன லென்ஸைத் துடைத்து மாட்டினான். டப்பாக்கள் மறுபடி மேசை ஏறின. சர்க்கரை, உப்பு, தேயிலை மூன்றும் எங்கே நின்றாலும் பளிச்சென்று விழுந்தன. அன்று இரவு மனைவி தேயிலையைத் தேடி மேசைக்கு வர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பையைத் தோளில் மாட்டியபோது, வரவில்லை என்று சொல்லியிருந்த மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். 

மாமனார் முன்னறையில் கால் ஆடும் நாற்காலி ஒன்றுக்குப் பசை தடவி, கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்து, "வாங்க" என்றார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் நடக்கும் வழியில் இருந்த பசை டப்பாவை எடுத்து நகர்த்தி வைத்தார். மாமியார் ரொட்டி வாட்டி, முட்டை பொரித்து, தேநீரோடு கொண்டு வந்தாள். உள்ளறையில் மச்சினியும் அவள் கணவனும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று அவனுக்குத் தெரியும்.

"மாமா, அன்னைக்கு மேடையில நீங்க வந்து நின்னீங்கள்ல, அந்தப் படம் சரியா வரல. முன்னால நின்னவங்க தெளிவா இருக்காங்க. பின்னால நீங்க கலங்கிப் போயிட்டீங்க. முகமே தெரியல."

மாமியார் கையில் தட்டு அப்படியே நின்றது. அதனாலென்ன, மற்றதெல்லாம் நன்றாகத்தானே வந்திருக்கும் என்று பூசி மெழுகப் பார்த்தாள். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண் நாற்காலியிலேயே இருந்தது.

"மிஷின்ல கோளாறா?" என்று கேட்டார்.

தப்பிக்க வழியை அவரே தட்டில் வைத்து நீட்டியதுபோல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"இல்ல மாமா. மிஷின் நல்லாத்தான் இருக்கு. என் கையிலதான் கோளாறு. இருட்டா இருக்குன்னு லென்ஸ முழுசா தொறந்து வச்சுட்டேன். அப்படி வச்சா ஒரே வரிசையில நிக்கறவங்கதான் தெளிவா விழுவாங்க. எடுத்ததும் பெருசு பண்ணிப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். பாக்கல."

மாமனார் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். ஆலையில் ஒரு கட்டு அட்டை வீணானால் கத்தி மழுங்கிவிட்டது என்பார்கள், அட்டை நமுத்துவிட்டது என்பார்கள், கரண்ட் சரியில்லை என்பார்கள். காலமெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டுப் புளித்த காது அவருடையது. நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதல் தடவையாக மருமகனை நேராகப் பார்த்தார்.

"இப்ப எடுத்தா வருமா?"

"வரும் மாமா."

"எப்படிச் சொல்றீங்க?"

"வீட்டுல டப்பாவ வச்சு நாள் பூரா எடுத்துப் பாத்தேன். எடுத்ததும் உங்ககிட்டயே காட்டிடறேன்."

அவர் எழுந்து போய்க் கையிலிருந்த பசையைத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்தபோது கல்யாணத்தன்று போட்ட சட்டையைப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மாமியார் உள்ளறைக்கு ஓடினாள். இப்போதுதான் மூடிப் பூட்டிய பெட்டியைத் திறந்து மச்சினியின் கல்யாணத் துணியை அடியிலிருந்து உருவ, மேலே இருந்ததெல்லாம் கட்டிலில் சரிந்தது. மாப்பிள்ளைப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் அத்தனையையும் மறுபடி மடிக்க ஆரம்பித்தான். இந்த வீட்டில் பிழைத்துக்கொள்வான் என்று நம் ஆளுக்குத் தோன்றியது.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினான். ட்ரைபாடை விரித்தான். ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பினான். பெண்ணும் மாப்பிள்ளையும் மாமியாரும் முன்னால் நின்றார்கள். மனைவி பழையபடி தங்கைக்குப் பின்னால் போனாள். மாமனார் பழையபடி அவளுக்குப் பின்னால் போனார். சோதனைக்கு ஒன்று எடுத்துப் பார்த்தான். பின்னால் இருந்தவர்களும் தெளிவாகவே இருந்தார்கள்.

"இப்ப நான் பின்னாலயே நின்னா விழுவேனா?" என்று மாமனார் கேட்டார்.

நம் ஆளுக்குச் சபலம் தட்டியது. விழமாட்டீர்கள், முன்னால் வந்து மகளோடு ஒரே வரிசையில் நில்லுங்கள் என்று சொன்னால் வந்து நிற்பார். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். ஆனால் அந்த மனிதர் இப்போதுதான் அவன் வார்த்தையை நம்பிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"விழுவீங்க மாமா. இப்ப எங்க நின்னாலும் தெளிவா விழுவீங்க" என்றான்.

மாமனார் தலையாட்டினார். சரி, எடுத்துவிட வேண்டியதுதான் என்று அவன் கேமராவில் குனிந்தான். பார்த்தால், உள்ளே அவரைக் காணோம். நிமிர்ந்தான். அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, சின்ன மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி இடம் பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

"நீயும் வாம்மா. அங்க எதுக்கு நிக்கற" என்றார் மூத்தவளிடம்.

அவள் வந்தாள். அவருக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றாள். அவர் கை அவள் தோளைத் தேடிப் போய் உட்கார்ந்தது. இந்தத் தடவை அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நம் ஆள் அப்போதும் எடுத்தான், அவள் முன்னால் திரும்பியபிறகும் எடுத்தான். கூரையிலிருந்து வெளிச்சம் எல்லார்மேலும் சமமாக இறங்கியது.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள். மாப்பிள்ளைப் பையன் பெட்டி ஞாபகத்தில் காலை எடுத்து வைத்தான்.

"யாரும் கலையாதீங்க. அவர் பாத்து முடிக்கட்டும்" என்றார் மாமனார்.

நம் ஆள் திரையில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கினான். மாப்பிள்ளை, மாமியார், மச்சினி. மனைவியின் இமையில் தங்கியிருந்த ஈரம்கூடத் தெரிந்தது. மாமனார் தாடையில் சவரக்கத்தி விட்டுப்போன நரைமுடி தெரிந்தது. அவருடைய கைக்கு வந்தான். நகக்கணுவில் காய்ந்த பசை ஒட்டியிருந்தது. அதற்குமேல் திரை தெரியவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் முகத்திலிருந்து ஆரம்பித்தான்.

"அவசரமில்ல மாப்பிள்ள, மெதுவா பாருங்க. நாங்க நிக்கிறோம்" என்றார் மாமனார்.